ரேஸ் கேமில் சஸ்பென்ஷனை மாற்றினால் கார் வேகமாக ஓடுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரமே ஒரு கார் ரேஸ் கேம் வந்து உட்கார்ந்து விடும். ரோட் ரேஷில் பைக் ஓட்டித் தொடங்கி, நீட் ஃபார் ஸ்பீடு வழியாக கார்களுக்கு வந்தவர்கள் நம்மில் பலர். அந்தக் கேம்களில் காரின் நிறத்தை மாற்றுவோம், பெரிய இன்ஜின் போடுவோம். ஆனால் ‘சஸ்பென்ஷன்’ என்ற மெனுவைத் திறந்தால் ஸ்பிரிங், டாம்பர், கேம்பர், டோ என்று இருபது ஸ்லைடர்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலோர் உடனே எஸ்கேப் கீயை அழுத்தி வெளியே வந்து விடுவார்கள். மீதிப் பேர் அதிலேயே குடியிருப்பார்கள். நான் இரண்டாவது ரகம்.

ஒரு கோடைக்கால மாதம் முழுவதும், வேலை முடிந்து வந்த மாலைகளை நான் இதற்குச் செலவிட்டேன். கேம், அசெட்டோ கோர்சா. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014ல் வெளியிட்டது. கார், பிஎம்டபிள்யூ இசட்4 ஜிடி3. டிராக், இத்தாலியில் உள்ள இமோலா. ஒரு சுற்று 4.9 கிலோமீட்டர். எனக்கு ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 49 வினாடி ஆனது. ஸ்பிரிங்கை இறுக்கினேன், தளர்த்தினேன். காரைத் தரையோடு தரையாக இறக்கினேன். டாம்பர் எண்களை நாலு பக்கமும் மாற்றினேன். மாதக் கடைசியில் என் சிறந்த நேரம் 0.3 வினாடி குறைந்திருந்தது.

விடுமுறைக்கு அக்கா மகன் வந்தான். என் செட்டப் எதையும் தொடாமல், கேம் தரும் டிஃபால்ட் செட்டப்பில் அதே ஸ்டியரிங் வீலைப் பிடித்து ஓட்டினான். இருபதாவது சுற்றில் 1 நிமிடம் 46 வினாடி! “மாமா, நீங்க டோசா வளைவுல பிரேக்கை ரொம்ப லேட்டாப் பிடிக்கிறீங்க. அதான் வெளிய வர்றப்ப ஆக்ஸிலேட்டர் குடுக்க முடியல” என்று ஒரே வரியில் சொல்லி விட்டான். அவன் சொன்னது சரிதான். டோசா என்பது மேட்டில் ஏறும் இடதுபக்க ஊசி வளைவு. அதில் வெளியே வரும் வேகம்தான் அடுத்த ஏற்றம் முழுவதற்கும் நம்முடன் வரும்.

அப்படியானால் சஸ்பென்ஷன் மெனு வீண் வேலையா? இல்லை. ஆனால் அது என்ன செய்யும், எப்போது செய்யும் என்று தெரியாமல் தொட்டால் வீண் வேலைதான்.

சஸ்பென்ஷன் உண்மையில் என்ன செய்கிறது?

பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதே போல் காரின் எடையும் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரின் எடை 1200 கிலோ, நாலு சக்கரத்துக்கும் சமமாக 300 கிலோ என்று வைத்துக் கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர். நல்ல வேகத்தில், காரின் எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் விழும்படி ஒரு வளைவில் திரும்புகிறோம். அப்போது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு நகரும் எடை 1200ஐ 0.5ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் வருவது. அதாவது 400 கிலோ.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்த 400 கிலோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கார் சாய்வது குறையும், எடை நகர்வது குறையாது. காரின் உயரத்தைக் குறைத்தாலோ, வேகத்தைக் குறைத்தாலோதான் அந்த எண் மாறும்.

பிறகு சஸ்பென்ஷனால் என்ன பயன்? அந்த 400 கிலோவில் முன் சக்கரங்களுக்கு எவ்வளவு, பின் சக்கரங்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் அதன் வேலை. முன்னும் பின்னும் ஒரே இறுக்கமாக இருந்தால் 200, 200 என்று பிரியும். முன்பக்கத்தை இறுக்கினால் முன்னால் 250, பின்னால் 150 என்று ஆகலாம். அப்போது முன் சக்கரங்களில் உள்பக்கம் 50 கிலோ, வெளிப்பக்கம் 550 கிலோ. பின்னால் உள்பக்கம் 150, வெளிப்பக்கம் 450.

டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலையைப் பிடிக்கும் சக்தி இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் 550ம் 50ம் சேர்ந்து தரும் பிடிமானத்தை விட, 450ம் 150ம் சேர்ந்து தருவது அதிகம். முன்பக்கம் தோற்றுப் போகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். பின்பக்கத்தை இறுக்கினால் நேர்மாறு. பின்பக்கம் வழுக்கிக் கார் சுழலப் பார்க்கும், அது ஓவர்ஸ்டியர்.

எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கம் முதலில் பிடியை விடும். இந்த ஒன்று மனதில் இருந்தால் பாதி மெனு புரிந்து விடும். இந்தப் பங்கு பிரிக்கும் வேலைக்கென்றே இருப்பது ஆன்ட்டி ரோல் பார். இடது வலது சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கம்பி அது. ஸ்பிரிங்கை மாற்றினால் மேடுபள்ளத்தில் கார் குதிப்பதும் பிரேக்கில் மூக்கு குத்துவதும் சேர்ந்தே மாறி விடும். ஆன்ட்டி ரோல் பார் பெரும்பாலும் வளைவில் மட்டும் வேலை செய்வதால் புதியவர்கள் தொடங்குவதற்கு அதுவே நல்ல இடம்.

டாம்பர் என்பது நம் பைக்கில் உள்ள ஷாக் அப்சார்பர்தான். எடை எவ்வளவு நகர்கிறது என்பதை அல்ல, எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்பதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. என் அனுபவத்தில் வீட்டில் விளையாடுபவர்கள் அதிக நேரத்தை வீணடிக்கும் இடமும் அதுதான். அதைக் கடைசியில் தொடுங்கள், தொடாவிட்டாலும் ஒன்றும் குறைந்து போகாது.

எல்லாக் கேமிலும் இது நடக்குமா?

நாம் மாற்றுவது நிஜக் காரை அல்ல, ஒரு புரோகிராமை. அந்தப் புரோகிராமில் எது எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் நடக்கும். 2004ல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு அண்டர்கிரவுண்ட் 2 கேமில் கூட டைனோ மெஷினில் ஏற்றி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரை மாற்றும் வசதி இருந்தது. ஆனால் சுவரில் உரசிக் கொண்டே திரும்பினாலும் ஜெயிக்க முடிகிற கேமில் அதற்கு என்ன மதிப்பு? அங்கே நைட்ரஸ் வாங்குவதே புத்திசாலித்தனம்.

1997ல் பிளேஸ்டேஷனில் வந்த கிரான் டூரிஸ்மோதான் இந்த எண்களை வீட்டு ஹாலுக்குக் கொண்டு வந்து பிரபலமாக்கியது எனலாம். 2022ல் வந்த கிரான் டூரிஸ்மோ 7 வரை அதே பாணி தொடர்கிறது. எல்லாவற்றையும் மாற்றக்கூடிய சஸ்பென்ஷனை கேமுக்குள் சம்பாதித்த காசில் தனியாக வாங்க வேண்டும். போட்டி விதி அனுமதித்தால் அந்தக் காசில் முதலில் நல்ல டயர் வாங்குங்கள் என்பேன். நாலு வகை ஸ்பிரிங் தராத வேகத்தை ஒரு செட் டயர் தந்து விடும். இதே வரிசையில் 2013ல் வந்த ஆறாவது கேமில் வேடிக்கை ஒன்று நடந்தது. சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்ப்பதுதான் கேம்பர். நிஜத்தில் அளவோடு சாய்த்தால் வளைவில் பிடிமானம் கூடும். அந்தக் கேம் வந்த புதிதில் கேம்பர் கூட்டினால் பிடிமானம் குறைந்தது! நிஜ மெக்கானிக்குகளின் அறிவு அங்கே செல்லுபடியாகவில்லை. பிறகு வந்த அப்டேட்டில்தான் அதைச் சரி செய்தார்கள்.

அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்ற சிமுலேட்டர்களில் மேலே போட்ட எடைக் கணக்கு உண்மையாகவே ஓடிக் கொண்டிருக்கிறது. அங்கே மாற்றினால் தெரியும். ஆனால் 2008ல் தொடங்கிய ஐரேசிங்கில், யாரும் செட்டப்பைத் தொடவே முடியாதபடி எல்லோருக்கும் ஒரே செட்டப் கொடுத்து நடத்தும் போட்டிகளும் இருக்கின்றன. அந்தப் போட்டிகளிலும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரு சுற்றுக்குப் பல வினாடி இடைவெளி விழுகிறது. அத்தனையும் ஓட்டுகிற கையால் வரும் வித்தியாசம்.

கீபோர்டிலும் கேம்பேடிலும் விளையாடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீபோர்டில் ஸ்டியரிங் என்பது முழுதாகத் திருப்புவது அல்லது விடுவது, இரண்டே நிலைதான். நடுவில் உள்ளதை கேமே யூகித்து நிரப்புகிறது. சின்ன மாற்றங்கள் அந்த யூகத்தில் கரைந்து போகும். காரைக் கூர்மையாக்குவதை விட, பின்பக்க ஆன்ட்டி ரோல் பாரை இரண்டு படி தளர்த்திக் காரைச் சாதுவாக்குவதுதான் உங்களுக்குப் பலன் தரும்.

முதலில் உங்களை அளந்து கொள்ளுங்கள்

எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல் டிஃபால்ட் செட்டப்பில் பத்துச் சுற்று ஓட்டி, ஒவ்வொரு நேரத்தையும் எழுதுங்கள். சுழன்று புல்லில் போன சுற்றுகளை மட்டும் விட்டு விடலாம். மீதியில் மிக நல்ல நேரத்துக்கும் மிக மோசமான நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்?

எனக்கு அது 1.4 வினாடியாக இருந்தது. ஒவ்வொரு சுற்றும் ஒன்றரை வினாடி ஊஞ்சலாடும்போது, 0.3 வினாடி லாபம் செட்டப்பால் வந்ததா, தற்செயலா என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதம் நான் செய்தது அதுதான். ஆடுகிற தராசில் தங்கம் நிறுத்துக் கொண்டிருந்தேன்.

வித்தியாசம் அரை வினாடிக்குள் வரும் வரை செட்டப் மெனுவை மறந்து விடுங்கள். எனக்கு அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. அக்கா மகன் சொன்னபடி பிரேக்கைச் சீக்கிரம் பிடித்ததிலேயே சராசரி 1 நிமிடம் 47 வினாடிக்கு வந்து விட்டது. செட்டப் அதே டிஃபால்ட்தான்.

அதன் பிறகுதான் கார் என்ன சொல்கிறது என்பதே எனக்குக் கேட்டது. இமோலாவின் கடைசிப் பகுதியில் ரிவாட்ஸா என்று இறக்கத்தில் இரண்டு இடதுபக்க வளைவுகள் வரும். இரண்டாவதில் ஒவ்வொரு சுற்றும் கார் வெளியே தள்ளிக் கொண்டு போனது. ஒவ்வொரு சுற்றும் என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை நடந்தால் அது என் தவறு, பத்து முறையும் நடந்தால் அது காரின் குணம். முன் ஆன்ட்டி ரோல் பாரை இரண்டு படி தளர்த்தி மறுபடி பத்துச் சுற்று ஓட்டினேன். சராசரியில் 0.4 வினாடி குறைந்தது. கார் எந்த இடத்தில் திரும்ப மறுத்ததோ அதே இடத்தில் திரும்பியது. ஒரு மாதம் தேடியது ஒரே மாலையில், ஒரே ஸ்லைடரில் கிடைத்தது.

காரைத் தரையோடு இறக்கிய பழைய செட்டப் ஏன் தோற்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. வாரியான்டே ஆல்டா என்ற இடத்தில் உயரமான ஓரக் கற்கள் மேல் ஏறித் திரும்ப வேண்டும். கார் அடி தட்டிக் குதித்தால் சக்கரம் காற்றில் நிற்கும். காற்றில் நிற்கும் டயருக்கு ஏது பிடிமானம்?

சோதிக்கும்போது செய்ய வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு முறையும் அதே அளவு பெட்ரோல். பெட்ரோல் குறையக் குறைய கார் இலேசாகி நேரம் தானாகவே குறையும், அதைச் செட்டப்பின் புண்ணியம் என்று நினைத்து விடாதீர்கள். அசெட்டோ கோர்சாவில் டிராக்கின் நிலையை ‘ஆப்டிமம்’ என்று வைத்து விட்டால், ஓட்ட ஓட்ட சாலையின் பிடிமானம் மாறும் தொல்லையும் இருக்காது. வெப்பநிலையையும் மாற்றாதீர்கள்.

சஸ்பென்ஷனுக்கு முன் டயர் பிரஷரைப் பாருங்கள். 2019ல் முழுமையாக வெளியான அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில், ஜிடி3 கார்களின் டயர் சூடான பிறகு 26லிருந்து 27 பிஎஸ்ஐக்குள் இருப்பது நல்லது. இது 2023ல் டயர் மாடல் மாறிய பிறகுள்ள கணக்கு. நாம் மெனுவில் வைப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள எண், ஓட ஓட அது ஏறும். மூன்று சுற்று ஓட்டிப் பார்த்து அதற்கேற்பக் குறைத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை, ஐந்து ஸ்லைடருக்குச் சமம்.

செட்டப்பை வேறு பெயரில் சேமிக்க மறக்காதீர்கள். அசெட்டோ கோர்சா இவற்றை டாகுமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் தன் பெயரில் உள்ள ஃபோல்டரில், ‘செட்டப்ஸ்’ என்பதன் கீழ் கார் வாரியாக, டிராக் வாரியாகச் சின்னச் சின்ன ஃபைல்களாக வைக்கிறது. நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் இந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளுங்கள். ஒரு முறை நான் செய்யாமல் விட்டு வருந்தினேன்.

மற்றவர்கள் செட்டப்பை இறக்கிப் போடலாமா? ஃபோர்ஸா ஹொரைஸன் 5 போன்ற கேம்களில் கேமுக்குள்ளேயே பிறர் செய்த டியூனைத் தேடி எடுக்கலாம். காசு வாங்கிக் கொண்டு செட்டப் விற்பவர்களும் உண்டு. போடலாம். ஆனால் வேகமான ஆட்கள் பின்பக்கம் சற்று வழுக்குகிற காரையே விரும்புவார்கள். அவர்கள் செட்டப் நம் கையில் சுழலும். காசு கொடுக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றைப் போட்டு, அதே பத்துச் சுற்றுப் பரிசோதனையைச் செய்து பாருங்கள்.

என் 0.4 வினாடி செட்டப் ஃபைலை அக்கா மகனுக்கு ஈமெயிலில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “மாமா, உங்க செட்டப்ல எனக்குப் பின்னாடி வழுக்குது. முன் பாரை ஒரு படி ஏத்திட்டேன்.” கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். 1 நிமிடம் 45.6 வினாடி.