கொள்கை முதலா, கட்சி முதலா?

அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னிடம் ஒரு எளிய கணக்கு இருந்தது. வரி, நலத்திட்டம், துப்பாக்கி, கருக்கலைப்பு என்று எல்லாவற்றிலும் ஒருவருக்கு ஒரு கருத்து இருக்கும். அதற்குப் பொருந்துகிற கட்சிக்கு ஓட்டுப் போடுவார். அவ்வளவுதானே?

இந்தக் கணக்கைக் கலைத்தது 1960-ல் வெளிவந்த 'தி அமெரிக்கன் வோட்டர்' என்ற நூல். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் எழுதியது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 'பொதுவாக உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைத்துக்கொள்கிறீர்கள்?' என்றும் கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். 1956-ல் ஐசன்ஹோவர் அமோகமாக ஜெயித்தார். ஆனால் அதே தேர்தலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடமே இருந்தன. அவருக்கு ஓட்டுப் போட்ட பலர், 'நான் ஜனநாயகக் கட்சிதான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு மாறலாம், பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருகிற இந்த 'நான்' லேசில் மாறாது.

சரி, பற்று இருக்கட்டும். கருத்தாவது சொந்தக் கருத்தா? 2003-ல் உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் கை வைக்கிறது. மாணவர்களிடம் இரண்டு நலத்திட்டங்களைக் காட்டினார். ஒன்று தாராளமானது, இன்னொன்று கறாரானது. எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்பதை மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னார். கறாரான திட்டத்தைத் தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றதும் தாராளவாதிகள் அதை ஏற்றார்கள். பழமைவாதிகளும் அப்படியே தாராளத் திட்டத்தை ஏற்றார்கள்.

இதில் என்னை உறுத்துவது அடுத்த விஷயம். 'திட்டத்தின் விவரங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்' என்று அவர்கள் நம்பினார்கள். மற்றவர்கள் வேண்டுமானால் கட்சியைப் பார்த்திருப்பார்கள், நான் அப்படியில்லை! பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை.

அப்படியானால் கட்சிப்பற்று மாறவே மாறாதா? மாறும், ஆனால் மெதுவாக. 1964-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டே தென்கோடி மாநிலங்கள் ஐந்தை குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர் வென்றார். ஆனாலும் தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் பெரும்பான்மை அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 1994 தேர்தலில்தான். முப்பது வருஷம், ஒரு தலைமுறை!

எனக்கு அங்கே ஓட்டில்லை. ஆனாலும் ஒரு மசோதாவைப் பற்றிச் செய்தி வந்தால் என் கண் முதலில் தேடுவது, கொண்டுவந்தது யார் என்பதைத்தான். இப்போது அதை மாற்றப் பார்க்கிறேன்: முதலில் உள்ளடக்கம், என் கருத்தை ஒரு வரியில் குறித்துவைப்பது, பிறகு கட்சிப் பெயர். சில சமயம் பெயரைப் பார்த்ததும் அந்த வரியை அழிக்கத் தோன்றுகிறது. அப்போதுதான் கோஹனின் மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.