லால்பாக்கின் கோடைப் பூக்கள்: அழகு நமக்கு, சாப்பாடு யாருக்கு?

பெங்களூருவில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால், கோடை வந்ததும் அவருடைய இன்ஸ்டாகிராமைப் பாருங்கள். பிங்க் நிறத்தில் டபேபுயா, ஊதா நிறத்தில் ஜக்கரண்டா, செக்கச்செவேலென்று குல்மோஹர். இந்த மூன்றையும் பார்க்க நல்ல இடம், 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்தெடுத்த லால்பாக் தாவரவியல் பூங்கா.

ஒன்று உதிர்ந்தால் அடுத்தது பூக்கிறதே, எப்படி?

தற்செயல் இல்லை, திட்டம் போட்டு நட்டது. 1908-ல் இங்கு வந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் கிரும்பீகல், ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார். லால்பாக்கில் மட்டுமல்ல, நகரத் தெருக்களிலும் இதுதான் நடந்தது.

இவை நம்ம ஊர் மரங்களா?

இல்லை. குல்மோஹரின் சொந்த ஊர் மடகாஸ்கர். மற்ற இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தேனீக்கள் இவற்றைத் தேடி வரும், தேன்சிட்டும் எட்டிப் பார்க்கும். ஆனால் பூ முடிந்த பிறகு? குல்மோஹரில் கட்டை மாதிரி நெற்று, ஜக்கரண்டாவில் காய்ந்த ஓடு, டபேபுயாவில் காற்றில் பறக்கும் விதை. பழம் தின்னும் பறவைக்கு மூன்றிலும் ஒன்றும் கிடையாது.

அப்போ பறவைகள் எங்கே சாப்பிடுகின்றன?

கோடை தொடங்கும் முன்பே இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூக்கும் முள்ளிலவில் முதல் பந்தி. பறவைகளின் கண்ணுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும். அதன் பெரிய சிவப்புப் பூக்களில் தேன் குடிக்க மைனா, காகம், தேன்சிட்டு எல்லாம் வரும். 'இலவு காத்த கிளி' என்கிறோமே, கிளி ஏமாந்தது காயில்தான். பூக்கும் காலத்தில் வந்திருந்தால் ஏமாந்திருக்காது.

அடுத்த பந்தி ஆல், அரசு, அத்தி மரங்களில். இவற்றின் பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். அத்திக் குளவி உள்ளே புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்யும். ஒவ்வொரு மரமும் வேறு வேறு நேரத்தில் பழுப்பதால், ஏதாவது ஒரு மரத்தில் சாப்பாடு கிடைத்துவிடும். குயில், குக்குறுவான், பச்சைக்கிளி எல்லாம் இங்கேதான் கூடும்.

எப்போது போகலாம்?

விடிந்ததும் போங்கள், வெயில் ஏறினால் பல பறவைகள் அடங்கிவிடும். 'டுக் டுக் டுக்' என்று செம்பு தட்டுவது போலச் சத்தம் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். விடாமல் கூவும் கருங்குயில் ஆண். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி.

நமக்கு இதில் என்ன?

தெருவிலோ அப்பார்ட்மென்டிலோ மரம் நட முடிவெடுக்கும்போது, நாம் முதலில் கேட்பது "என்ன கலர் பூ?" என்றுதான். "பழம் உண்டா?" என்றும் கேட்டுப் பாருங்கள். அரசும் ஆலும் சுவரோரம் வேண்டாம், வேர் பிளந்துவிடும். இடம் இருக்கும் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் வைக்கலாம். இடம் குறைவென்றால் ஒரு நாவலோ சர்க்கரைப்பழ மரமோ போதும். போட்டோவுக்கு ஒரு குல்மோஹர் இருக்கட்டும், பக்கத்தில் பறவைக்கும் ஒன்று இருக்கட்டும்.