ஏடுகளைக் காத்த இறைமக்கள்



பொலிவியாவின் சிக்கித்தோஸ் பகுதியில் இயேசு சபைக் குருக்கள் பழங்குடி மக்களுக்கு நற்செய்தியோடு இசையையும் கற்பித்தனர். 1767-இல் அரச ஆணையால் அக்குருக்கள் வெளியேற்றப்பட்டனர். மக்களோ இசை ஏடுகளைப் பேணிக் காத்தனர். 1972-இல் தொடங்கிய ஆலயச் சீரமைப்பின்போது ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளிப்பட்டன.

உள்ளூர்ப் பண்பாட்டுச் சங்கம் ஒன்று 1996-இல் தொடங்கிய விழாவில், அவ்விசை அதே ஆலயங்களில் மீண்டும் ஒலித்தது. அக்கால முறைப்படி அமைந்த வயலின்களையும் பல குழுக்கள் மீட்டுகின்றன. அவற்றில் உலோகக் கம்பிக்குப் பதிலாக ஆட்டுக்குடல் நரம்பு, ஒலி மென்மையானது. எனவே பாடுவோரின் குரலையும் செபத்தின் சொற்களையும் அது அமுக்குவதில்லை.

பங்குக் குருக்கள் மாறுவர், மக்களே நிலைத்திருப்பர். நம் முன்னோர் பாடிய பாடல் ஏடுகள் இன்று யார் வீட்டில், எந்தப் பெட்டியில் உள்ளன? தேடுவோம், பாடுவோம், பிள்ளைகளிடம் ஒப்படைப்போம்.