மரப்பு ஊசியும் மருளும் மனமும்

மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டமும், அதில் நம்மவர் நிறைந்து வாழும் லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல. கற்றோர் இல்லங்களிலும் மூதாட்டியரின் இச்சொல்லுக்கு மறுசொல் எழுவது அரிது. இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. மேற்கோரைப்பல்லின் வேர் மிக நீளமானது. மூக்கின் ஓரமாகக் கண்ணை நோக்கி மேலேறுவது. அவ்வேரில் சீழ் பிடித்தால் கன்னம் வீங்கி, கீழ் இமை மேலெழுந்து கண் மூடிக்கொள்ளும். கண்ணை மூடச் செய்தது சீழ். பழி விழுந்ததோ அதனை அகற்ற வந்த குறட்டின் மீது! பார்வையைச் சுமக்கும் நரம்பு வேறு, மேற்பற்களின் உணர்வைச் சுமக்கும் நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போவதில்லை. சீழை முற்றவிடுவதாலேயே, மிக அரிதாகவேனும், கண்ணுக்குத் தீங்கு நேரக்கூடும்.

இரண்டாவது அச்சம் இதனினும் வலியது: "ஊசி போட்டும் மரக்கவில்லை, உயிர் போயிற்று" என்பது. இவ்வாறு கூறுவோர் பொய் கூறவில்லை. அவர்கள் பட்ட துன்பத்திற்கு வேதியியலில் விளக்கம் உண்டு.

இன்று பெரிதும் பயன்படும் மரப்பு மருந்து லிக்னோகைன். சுவீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் இதனை உருவாக்கினார். அதற்கு முன் 1884-இல் கார்ல் கொல்லர் கொக்கெய்னைக் கொண்டு கண்ணை மரக்கச் செய்திருந்தார்; அவ்வாண்டிலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அதே மருந்தால் கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்தார். (தம்மீதே அம்மருந்தைச் சோதித்து, அதற்கு அடிமையாகித் துன்புற்றவர் அவர்.) நரம்பினுள் சோடியம் அயனிகள் புகுந்தால்தான் வலிச்செய்தி மூளைக்குச் செல்லும். அவ்வாயிலை லிக்னோகைன் உள்ளிருந்து அடைக்கிறது. உள்ளே நுழைய அது மின்னூட்டமற்ற வடிவில் இருத்தல் வேண்டும். சீழ் கோத்த திசுவோ புளிப்பேறியிருக்கும். அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்று நரம்பின் வெளியிலேயே தங்கிவிடுகிறது. வீங்கிய கன்னத்துடன் வருபவருக்கு ஊசி பலிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு நச்சுச் சுழலை நாம் காண்கிறோம். அஞ்சியவர் கிராம்பை வைத்து நாள் கடத்துகிறார். பருத்திக் காட்டு வேலை முடியட்டும், வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊர் திரும்பட்டும் என்று தள்ளிப்போடுகிறார். சீழ் கோத்த பின் வருகிறார். மருந்து அரைகுறையாகப் பலிக்கிறது. அஞ்சியது சரியே என்று உறுதிகொள்கிறார். அவருடைய பிள்ளைகளும் அக்கதையைக் கேட்டே வளர்கிறார்கள். வீக்கத்திற்கு அப்பால் நரம்பின் தண்டை மரக்கச் செய்தோ, சீழை வெளியேற்றியோ மருத்துவர் இதனைச் சமாளிப்பார். மாத்திரையை மட்டும் விழுங்கி, வலி தணிந்ததும் பல்லை மறந்துவிடுவதுதான் தீராத கேடு.

பல்லைப் பிடுங்குவதில் அவசரம் கூடாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தியவர் குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி (மறைவு கி.பி. 1013). முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்திற்கே உரியது. வலி நோயாளியை ஏமாற்றும், அவர் நல்ல பல்லைச் சுட்டிக்காட்டக்கூடும், எனவே நோயுற்ற பல் எதுவென உறுதிசெய்த பின்னரே கைவைக்க வேண்டும் என்கிறார். ஈறைச் சுற்றிலும் விடுவித்து, பல்லை மெல்ல அசைத்துத் தளர்த்திய பின் எடுக்கும் முறையை விளக்கும் அவர், வேரை முறித்துத் தாடையையும் சிதைக்கும் அறியா நாவிதர்களைக் கடிந்துரைக்கிறார். மரப்பு ஊசி இல்லாத காலத்தில் நோயாளிக்கு இருந்த காப்பு மருத்துவரின் பொறுமையும் கைத்திறனுமே.

ஊசி வந்த பின்னும் பொறுமையின் தேவை குறையவில்லை. ஈறில் மரப்புக் களிம்பு தடவி, மருந்தை மெதுவாகச் செலுத்தினால் குத்தும் வலி பெரிதும் தணியும். மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லருகே போட்ட மருந்து ஊறிச் செல்லும். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பக்கமோ கெட்டியானது. ஆகவே தாடையின் பின்புறம் நரம்பு நுழையுமிடத்தில் ஊசி இடப்படுகிறது. உதடு தடித்தது போன்ற உணர்வு வரும்வரை சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். மருந்தோடு சேர்க்கப்படும் அட்ரினலின் சிலருக்கு நெஞ்சைப் படபடக்கச் செய்யும். முன்கூட்டிச் சொல்லாவிடில் மாரடைப்போ என்று கலங்குவர். இதய நோயாளர் தம் நோயையும் உண்ணும் மருந்துகளையும் மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும்.

மரப்பு ஊசி வலியை நீக்கும். அழுத்தத்தை முற்றிலும் நீக்காது. குறடு பல்லை அசைக்கும்போது தாடை அழுந்துவது தெரியும், 'மடக்' என்று ஒலியும் கேட்கும். இதை முன்னரே அறியாதவர் அழுத்தத்தையே வலியாகக் கொள்கிறார். இடக்கையை உயர்த்தினால் வேலையை நிறுத்துவேன் என்று மருத்துவர் ஒப்புதல் தருவது எளிய முறை, பயன் மிகுந்ததும்கூட. கட்டுப்பாடு தம் கையில் உள்ளதென்று அறிந்தவர் அக்கையை உயர்த்துவது குறைவு. பல்லச்சத்தை அளக்க 1969-இல் நார்மன் கோரா நான்கே கேள்விகள் கொண்ட அளவுகோலை வகுத்தார். அவற்றுள் முதலாவது, நாளை பல் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் எவ்வாறு உணர்வீர் என்பது. ஆம், அச்சம் நாற்காலியில் அன்று, வீட்டிலேயே தொடங்குகிறது.

அச்சத்தால் உண்ணாமல் வருவோர் பலர். மயக்க மருந்தின்றி ஊசியால் மட்டும் மரக்கச் செய்து பிடுங்குவதற்கு வெறும் வயிறு தேவையில்லை; பசியும் பயமும் சேர்ந்தால் தலைசுற்றி விழ நேரும். நோன்பாளிகளின் ஐயமும் இங்கே எழுகிறது. பல்லை எடுப்பதும் சீர்செய்வதும், தொண்டைக்குள் எதுவும் இறங்காதவரை, நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள அனைத்துலக ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் தீர்மானித்துள்ளது. ஆயினும் குருதி கசியும் வாயோடு விழுங்காதிருப்பது கடினம். பிடுங்கிய பின் அரைமணி நேரமேனும் பஞ்சைக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுதும் கொப்பளித்தலோ உறிஞ்சிக் குடித்தலோ புகைத்தலோ கூடாது, குழியில் உறைந்த குருதி பெயர்ந்துவிடும். எனவே வலி பொறுக்கத்தக்கதாயின் இஃப்தாருக்குப் பின்னர் செல்லலாம். கன்னம் வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்க இயலாத நிலையிலோ அன்று மாலைவரைகூடக் காத்திருத்தல் ஆகாது.