கீறலுக்கு இடம் கொடுக்கும் கல்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் பகுதியில், பழைய பண்ணை வீடுகள் சிலவற்றின் சமையலறையில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கல் சிங்க்கையும் அதையொட்டிய கல் மேடையையும் இன்றும் காணலாம். அது மாக்கல். நம் ஊர்க் கல்சட்டியைக் கடைவதும் இந்தக் கல்லில்தான். வெர்மான்ட் மாநிலத்திலும், வர்ஜீனியாவின் ஸ்கைலர் என்ற சிற்றூரிலும் இதை வெட்டி எடுத்து மேடையாகவும் துணி துவைக்கும் தொட்டியாகவும் அடுப்புக் கல்லாகவும் ஆக்கினார்கள். இப்போது அமெரிக்க வீடுகளுக்குப் போகும் மாக்கல் பலகைகளில் பெரும்பகுதி பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலிருந்து வருகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்ததும் ஆசைப்படுகிறார்கள். அடுத்த நொடியே ‘கீறல் விழுமா?’ என்று கேட்கிறார்கள். விழும். அதை மறைத்து விற்பவர் வாங்குகிறவரை ஏமாற்றுகிறார். ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறவரும் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்பது என் எண்ணம். சமையல் மேடையில் தழும்பு விழாமல் இருக்கப்போவதில்லை. விழுந்த தழும்பை வீட்டுக்காரரே சரிசெய்ய முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாக்கல் ஏன் கீறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அதன் முக்கியக் கனிமம் டால்க். முகத்துக்குப் பூசும் பவுடரில் இருப்பதும் அதுவே. டால்க் மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டது. ஓர் ஏட்டை அடுத்த ஏட்டோடு பிணைக்கும் விசை மிகப் பலவீனமானது என்பதால் சற்று அழுத்தினாலே ஏடுகள் வழுக்கி விலகுகின்றன. கல்லைத் தொடும்போது கையில் வழவழப்பு தெரிவதும் அதனால்தான். ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10. அந்த வரிசையில் நம் விரல் நகம் ஏறக்குறைய இரண்டரை, சமையல் கத்தி ஐந்தரைக்குப் பக்கத்தில், கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. மேடைக்குப் பயன்படும் பலகை முழுக்க டால்க் அல்ல. குளோரைட், மேக்னசைட் போன்ற கனிமங்களும் கலந்திருப்பதால் அது சிலை செதுக்கும் மென்மையான மாக்கல்லைவிட உறுதியாக இருக்கும். அப்படியிருந்தும் கத்தி முனையும், இரும்பு வாணலியின் சொரசொரப்பான அடிப்புறமும், மெருகில்லாத மண்சட்டியின் அடியும் அதில் கோடு போட்டுவிடும். கோடு வெள்ளையாகத் தெரிவதால் கல்லின் மேற்பூச்சு உரிந்துவிட்டதோ என்று பலர் பதறுகிறார்கள். இந்தக் கல்லுக்குப் பூச்சே கிடையாது. கீறிய இடத்தில் டால்க் நொறுங்கித் தூளாகிறது. அந்தத் தூள் ஒளியைச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு துளி எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் தூளுக்கிடையே எண்ணெய் இறங்கி, மேலோட்டமான கோடு அங்கேயே கறுத்து மறைந்துவிடும்.

மற்ற மேடைகளில் இப்படி நடப்பதில்லை. கிரானைட் எளிதில் கீறாது. அது உண்மையான சிறப்பு. ஆனால் அதன் பளபளப்பு தொழிற்சாலையில் வைரத்தூள் சக்கரங்களால் ஏற்றப்பட்டது. ஓரிடத்தில் மங்கிப்போனால் அதே பளபளப்பை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. கருவியோடு ஆள் வர வேண்டும். மார்பிள் சுண்ணாம்புக் கல் உருமாறி உண்டானது. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்டால் கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து மங்கலான தடம் விழும். துடைத்தாலும் போகாது, ஏனென்றால் அது கறையல்ல, அரிப்பு. குவார்ட்ஸ் என்று விற்கப்படும் செயற்கைக் கல்லில் கல்தூளைப் பிணைத்து நிறுத்துவது பிளாஸ்டிக் போன்ற ரெசின். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் ரெசின் கருகி நிரந்தரத் தழும்பாகிவிடக்கூடும். லாமினேட் பலகையின் அழகு முழுவதும் மேலே ஒட்டிய ஒரு தாளில் இருக்கிறது; கத்தி அந்தத் தாளைத் தாண்டி இறங்கிவிட்டால் பலகையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த மேடைகள் எல்லாம் ஏதோ ஒருநாள் ஏதோ ஒரு வகையில் காயப்படுகின்றன, அந்தக் காயம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் கைக்கு எட்டாததாக இருக்கிறது.

மாக்கல்லின் காயம் கைக்கு எட்டும். மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகையில் மேலிருந்து அடிவரை ஒரே கல், ஒரே நிறம். எண்ணெயில் மறையாத ஆழமான கீறலை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். முதலில் 80-ஆம் எண் தாள், பிறகு 120, கடைசியில் 220; தேய்க்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும், கீறலின்மேல் மட்டும் தேய்க்காமல் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பள்ளம் விழும், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது அது தெரியும். பிறகு துடைத்து, காயவிட்டு, எண்ணெய் பூசினால் முடிந்தது. மரவேலை பழகாதவர்களும் செய்யக்கூடிய காரியம் இது. ஒருமுறை தேய்ப்பதில் கரைந்துபோகும் கல் மிகச் சொற்பம் என்பதால், பத்துமுறை தேய்த்தாலும் மேடை மெலிந்துவிடாது.

இவ்வளவு மென்மையான கல் நீடித்து உழைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. இதற்குப் பதிலாகக் கோயில்களைக் காட்டுவது வழக்கம். 1117-ல் எழுப்பப்பட்ட பேளூர் சென்னகேசவர் கோயிலின் நுணுக்கமான சிற்பங்கள் மாக்கல் வகைப் பாறையில் செதுக்கப்பட்டவை. 1931-ல் திறக்கப்பட்ட ரியோ நகரின் மீட்பர் கிறிஸ்து சிலையின் மேற்பரப்பு முழுதும் மாக்கல் சில்லுகள். அந்தக் கல் மழையையும் வெயிலையும் தாங்கும் என்பதற்கு இவை சான்றுதான். ஆனால் சிலையின்மேல் யாரும் வாணலியை இழுப்பதில்லை. ஆகவே மேடைக்கு இந்தச் சான்று பாதிதான் பொருந்தும். பொருத்தமான சான்று பழைய வேதியியல் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. எபாக்ஸி ரெசின் பலகைகள் வருவதற்கு முன்பு அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மேசையின் மேற்பலகைக்கும் தொட்டிக்கும் மாக்கல்லைத் தேடி வாங்கினார்கள். ஸ்கைலர் சுரங்கத்துக் கல்லுக்கு அது பெரிய சந்தை. அமிலம் சிந்தும், பர்னர் எரியும், கண்ணாடிக் குடுவையும் இரும்புத் தாங்கியும் நாள்முழுதும் உரசும். சமையலறையைவிட முரட்டுத்தனமான இடம் அது. அங்கே இந்தக் கல் விரும்பப்பட்டதற்குக் காரணம், டால்க் அமிலத்தோடு வினைபுரியாது, கல்லில் நீர் உறிஞ்சும் துளைகள் அநேகமாக இல்லை, வெப்பத்தைத் தாங்கும் என்பவையே. கல்சட்டியில் வத்தக்குழம்பு வைக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புளியைக் கொதிக்கவிட்டாலும் அந்தச் சட்டி அரிப்பதில்லை, அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும்.

அழகு கெடுமே என்பார்கள். இதற்கு நான் முழுதாக மறுப்புச் சொல்லமாட்டேன். முதல் சில மாதங்கள் கண்ணை உறுத்தத்தான் செய்யும். சீரான பரப்பில் ஒரே ஒரு கோடு இருந்தால் பார்வை அங்கேயே போய் நிற்கும். புழங்கப் புழங்கச் சிறு கோடுகள் பரப்பெங்கும் சேர்ந்து, கையும் துணியும் பட்டுப் பட்டு அவற்றின் விளிம்புகள் மழுங்கி, தனிக்கோடு எதுவும் எடுப்பாகத் தெரியாமல் போகும். கண்ணாடிபோல மின்னும் மேடைதான் வேண்டும் என்கிறவருக்கு இது ஒருநாளும் ஒத்துவராது. அவர் கிரானைட் போடட்டும். எண்ணெய் பூசுவது ஓயாத வேலை என்ற குறையும் உண்டு. எண்ணெய் நிறத்துக்காக மட்டுமே. பூசாவிட்டால் கல் வெளிர்சாம்பலாக இருக்கும், கெட்டுப்போகாது. பூசத் தொடங்கினால் ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டுப் பூசலாம். இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கல்சட்டியை விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவதுபோல மேடைக்குச் சமையல் எண்ணெய் தடவக்கூடாது. சட்டி அடுப்பில் ஏறும், அங்கே எண்ணெய் சூட்டில் இறுகும். மேடையில் அது பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். உணவுக்குத் தீங்கில்லாத மினரல் ஆயில்தான் சரி.

தேய்க்கும்போது எழும் தூசி பற்றிய கேள்வி இவற்றைவிட முக்கியமானது. விற்பனைக்கடையில் யாரும் அதைப் பேசுவதாகத் தெரியவில்லை. சில இடத்து டால்க் பாறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் வகை இழைகள் கலந்திருக்கக்கூடும். ஆகவே கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, முகக்கவசமும் அவசியம். அதேநேரம் செயற்கைக் குவார்ட்ஸ் இதைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக்கூடாது. அதை வெட்டும்போது எழும் சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோயைத் தந்ததால்தான் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பொருத்துவதையும் தடை செய்தது. மேடையில் கீறல் விழக்கூடாது என்று நாம் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு எவரோ ஒருவர் மூச்சால் விலை கொடுத்திருக்கிறார். இதை நினைக்காமல் மேடைகளை ஒப்பிடுவது சரியாகாது.

எல்லாச் சமையலறைக்கும் மாக்கல் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மேடைமேலேயே தேங்காய் உடைத்து, இடித்து, கம்பி நாரால் அழுத்தித் தேய்க்கும் வீட்டில் அதன் முனைகள் சீக்கிரம் சிதறிப்போகும். அப்படிப்பட்ட புழக்கத்துக்கு நம் கிரானைட் மேடை நல்ல மேடைதான். மாக்கல் போடுகிறவர்கள் ஓரங்களைக் கூராக விடாமல் உருட்டச் சொல்ல வேண்டும், காய் நறுக்கத் தனிப்பலகை வைத்துக்கொள்ள வேண்டும். பலகைக்குப் பலகை டால்க்கின் அளவு மாறும் என்பதால், வாங்கப்போகும் பலகையிலிருந்தே ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் வைத்துச் சோதிப்பது நல்லது. சாவியால் கீறிப் பார்க்கலாம். எலுமிச்சைச் சாறு ஊற்றி ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம், கார்பனேட் அதிகம் கலந்த கல்லாக இருந்தால் மறுநாள் மங்கல் தெரியும். பிறகு அதே துண்டை ஈரம் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, சாவி போட்ட கோடு எங்கே இருந்தது என்று வீட்டிலுள்ள வேறொருவரைத் தேடச் சொல்லலாம்.