படுக்கை தின்ற பலம்

நோய் வந்தால் படுக்க வேண்டும். படுத்திருந்தால் நோய் தீரும். நம் வீடுகளில் இதைச் சந்தேகிப்பவர் எவரும் இல்லை. நாற்பது வயதைக் கடந்து, சர்வகலாசாலைப் பட்டமும் பெற்று, இருபது வருஷ காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நாமும், சென்ற வருஷம் வரையில் அப்படியேதான் எண்ணியிருந்தோம். நமது பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

பெரியப்பாவுக்கு வயது 72. உத்தியோகத்திலிருந்து விலகிப் பல வருஷங்களாகியும், விடியற்காலையில் எழுந்து கோயில் குளத்தை மூன்று முறை சுற்றி வருவதை நிறுத்தாதவர். கறிகாய்ப் பையைப் பிறர் தூக்கச் சம்மதிக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு நிமோனியா கண்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். டாக்டர்கள் குறைவின்றிச் சிகிச்சை அளித்தார்கள். ஜுரம் தணிந்தது, மார்புச் சளி கரைந்தது, பதினோராம் நாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். ஆனால், வண்டியிலிருந்து இறங்கியவர் வாசற்படி மூன்றையும் ஏறமாட்டாமல் நின்றுவிட்டார். கால்கள் நடுங்கின. இருவர் தாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தோம். வேஷ்டிக்குக் கீழே தெரிந்த கெண்டைக்கால், நாம் சிறு வயது முதல் பார்த்துப் பழகிய காலாகவே தோன்றவில்லை.

"மருந்தின் உஷ்ணம் சதையை உருக்கிவிட்டது" என்றாள் பெரியம்மா. "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்றார்கள் மற்றவர்கள். நம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்து, இப்போது பிஸியோதெரபி தொழில் நடத்தி வரும் பெண் ஒருத்தியை அழைத்துக் காட்டினோம். அவள் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சார், தாத்தாவுக்குப் போன பலத்தில் பாதியை ஜுரம் எடுத்துக்கொண்டது. மற்றப் பாதியை நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டீர்கள்" என்றாள்.

நமக்குச் சுருக்கென்றது. நாம் செய்தது என்ன? முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பக்கத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் அவர் கழிவறைக்குத் தாமே நடந்து போக எத்தனித்தபோது, நான்கு பேர் ஓடிப்போய், "ஐயையோ, எழுந்திருக்காதீர்கள்!" என்று படுக்க வைத்தோம். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினோம். தலையணையைக்கூட அவர் நகர்த்த விடவில்லை. எல்லாம் அன்பினால் செய்த காரியங்கள்தாம். அந்த அன்புதான் அவர் காலை வாரிவிட்டது.

அதன் பிறகு இவ்விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். நேயர்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள்; ஆகவே படித்ததைச் சொல்கிறோம்.

நமது தசை, ஒரு முறை கட்டி முடித்துவிட்ட மதில் அல்ல. ஒரு புறம் கொத்தனார் கட்டிக்கொண்டும், மறு புறம் வேறொருவர் இடித்துக்கொண்டும் இருக்கும் வீட்டைப் போன்றது. ஆகாரத்திலுள்ள புரதமே செங்கல். நடப்பதும், நிற்பதும், பளுவைத் தூக்குவதும் கொத்தனாருக்கு இடும் கட்டளை. படுத்துவிட்டாலோ கட்டளை நின்றுபோகிறது. கட்டும் வேலை மந்தமாகிறது. அத்துடன் கடுமையான நோயும் சேர்ந்தால், இடிக்கும் வேலை துரிதமாகிறது. நோயை எதிர்க்கவும், காயத்தை ஆற்றவும் உடம்புக்குப் புரதச் சரக்கு வேண்டும். அதைத் தசையாகிய களஞ்சியத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பசியின்மையால் உள்ளே செல்லும் ஆகாரமும் குறைந்துவிடுகிறது. மூன்று பக்கத்திலும் நஷ்டம்! முதலில் இளைப்பவை தொடையும் கெண்டைக்காலுந்தான். நம்மை நிமிர்த்தி நிற்க வைக்கும் தசைகள் அவையே.

இது இன்று நேற்றுத் தெரிந்துகொண்ட உண்மையன்று. 1947-ம் வருஷத்திலேயே ரிச்சர்டு ஆஷர் என்ற லண்டன் வைத்தியர், படுக்கையில் கிடப்பதன் அபாயங்களைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நுரையீரல், இரத்தக் குழாய், தோல், தசை, எலும்பு, மனம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, படுக்கை அவற்றை எப்படிக் கெடுக்கிறதென்று விளக்கினார். மறு வருஷம், 1948-ல், நியூயார்க்கில் டீட்ரிக், வீடன், ஷோர் என்ற மூவர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோய் ஏதுமில்லாத வாலிபர்கள் நால்வருக்கு இடுப்பிலிருந்து கால் வரை பிளாஸ்டர் கட்டுப் போட்டு, ஆறேழு வாரம் படுக்க வைத்தார்கள். தசையின் சத்தாகிய நைட்ரஜனும், எலும்பின் சத்தாகிய கால்சியமும் அவர்கள் உடம்பிலிருந்து வெளியேறியவண்ணம் இருந்தன. கால்கள் இளைத்தன, பலம் குறைந்தது. நோயாளிகளுக்கல்ல, ஆரோக்கியமான வாலிபர்களுக்கே இந்தக் கதி!

முதியவர்களின் நிலை இன்னும் மோசம். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. வாலிபர்கள் 28 நாள் படுத்திருந்தும் இதைவிடக் குறைவாகவே இழந்திருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நஷ்டம் இன்னும் அதிகம். 2013-ல் லண்டன் டாக்டர்கள் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டு கருவியால் அளந்தார்கள். பத்தே நாளில் அதன் குறுக்களவு நூற்றுக்குச் சுமார் 18 பங்கு சுருங்கியிருந்தது.

எழுபது வயதைக் கடந்து ஆஸ்பத்திரிக்குச் செல்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், குளிப்பது, உடுப்பது, நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் முன்னிருந்ததைவிடத் தாழ்ந்த நிலையில் வீடு திரும்புவதாக 2003-ல் அமெரிக்காவில் கண்டார்கள். அவர்களெல்லாம் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தவர்களா? 2009-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஆஸ்பத்திரியிலிருந்த 45 முதியவர்களின் உடம்பில் அசைவை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தது. அவர்கள் தங்கள் காலத்தில் நூற்றுக்கு 83 பங்கைப் படுத்தே கழித்தார்கள். இத்தனைக்கும் அவர்கள், நோய்க்கு முன்பு நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தாம். கட்டில் இருந்தது, படுத்தார்கள். எழுந்திருங்கள் என்று சொல்வார் இல்லை.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. சுவாசக் கருவி பொருத்தப்பட்ட 104 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆரம்பத்திலேயே கைகால் அசைக்கவும், உட்காரவும், நிற்கவும் பயிற்சி தந்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேர் ஆஸ்பத்திரியை விட்டுச் செல்லும்போது தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அடைந்தார்கள். மற்றப் பிரிவில் நூற்றுக்கு 35 பேர்தான். ஸ்பெயின் தேசத்துப் பாம்ப்லோனா நகரில் 75 வயதுக்கு மேற்பட்ட 370 பேருக்கு நடந்த பரிசோதனை 2019-ல் வெளியாயிற்று. தினந்தோறும் இரு வேளை தேகாப்பியாசம் செய்தவர்கள் முன்னிலும் திடமாக வீடு திரும்பினார்கள். சாதாரண முறையில் சிகிச்சை பெற்றவர்கள் பலம் குன்றினார்கள்.

ஆனால் அவசரப்படவும் கூடாது. பக்கவாதம் கண்டவர்களை முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தது நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்ததென்று 2015-ல் தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அளவு மீறிப் பயிற்சி அளிப்பதாலும் கூடுதல் பலன் இல்லை, சங்கடங்களே மிகுந்தன என்று 2022-ல் கண்டார்கள். ஆகவே எப்போது எழுப்புவது, எவ்வளவு நடத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். நமது தவறு, கேட்டு மறுக்கப்பட்டதன்று, கேட்கவே இல்லை!

நம்முடைய மாணவி சொன்ன யோசனைகளைச் சுருக்கமாகத் தருகிறோம். தினமும் காலையில் டாக்டர் வரும்போது, "இன்று உட்காரலாமா? நிற்கலாமா? எத்தனை அடி நடக்கலாம்?" என்று கேளுங்கள். அனுமதித்தால், மூன்று வேளை ஆகாரத்தையும் நாற்காலியில் உட்கார்ந்தே உண்ணச் செய்யுங்கள். கழிவறைக்குத் துணையுடன் நடத்தி அழைத்துப் போங்கள். நழுவாத செருப்பும், மூக்குக் கண்ணாடியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எழுந்திருக்க முடியாத நாளிலும் பாதத்தை மடக்கி நீட்டலாம், முழங்காலை மடக்கலாம். நோயாளி தாமே செய்யக்கூடிய காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

ஆகார விஷயத்திலும் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. கஞ்சி ஜீரணிக்கும், வாஸ்தவம். ஆனால் அதில் செங்கல் குறைவு. நோயுற்ற முதியவருக்கு உடம்பின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டுமென்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே பருப்பு, தயிர், சுண்டல், பால், வழக்கமுள்ளவர்களுக்கு முட்டையும் மீனும் என்று பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவை மீறக் கூடாது.

இழப்பது சீக்கிரம், மீட்பது தாமதம். பெரியப்பா முதல் வாரம் நாற்காலியிலிருந்து கையூன்றி ஐந்து தடவை எழுந்து உட்காருவதற்கே மூச்சு வாங்கினார். இரண்டாம் மாதம் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்தார். பெரியம்மா கஞ்சிக்குப் பதில் பருப்புச் சாதம் பிசைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையையும் வாய்விட்டு எண்ணுவாள். இன்று அவர் வாசற்படியைத் தாமே ஏறுகிறார். கோயில் குளத்தை ஒரு முறை சுற்றி வருகிறார். மற்ற இரண்டு சுற்றும் இன்னும் பாக்கியிருக்கின்றன. அவை திரும்புமோ, திரும்பாதோ, அறியோம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். இனி எவரேனும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முயன்றால், "படுங்கள்" என்று சொல்ல நம் நாக்கு எழாது. "சற்றுப் பொறுங்கள்; டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருகிறோம். பிறகு நம் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றே சொல்வோம்.