மூன்றடிக்குப் பழகாத பிள்ளைகள்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில் இலுப்பைக்கடவையில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், கண்டல் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனச் சொல்ல முடியாது. இது பாக்கு விரிகுடா. அதன் சராசரி ஆழமே 9 மீட்டர் அளவுதான். கரையோரத்தில் முழங்கால் தண்ணீரிலேயே நடந்து போகலாம். வீச்சுவலைக்குத் தோதான கடல்.

பழகத் தொடங்கும் பெடியன் முதலில் காய்ந்த மணலில் வீசுவான். வலையின் உச்சிக் கயிற்றை இடது மணிக்கட்டில் கட்டி, வலையில் ஒரு பங்கை முழங்கையில் மடித்துப் போட்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பை வலக்கையில் பிடித்து, இடுப்பைத் திருப்பி விடுவான். வலை பொட்டலமாகத் தொப்பென்று விழும். “கையைப் பாக்காதை தம்பி, வலை விழுற இடத்தைப் பார்” என்பார் பக்கத்தில் நிற்கும் பெரியவர்.

சரியாக விட்டால் கண்கொள்ளாக் காட்சி. சுழன்றபடி கையை விட்டுப் போகும் வலையில் ஒவ்வொரு குண்டும், விடுபட்ட கணத்தில் தான் போன திசையிலேயே நேராகப் போகப் பார்க்கிறது. ஒவ்வொன்றின் திசையும் வேறு. ஆகவே குண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. நூல் இழுபட்டு முடிய வலை வட்டமாகிவிடுகிறது. எல்லாக் குண்டும் சேர்ந்து தண்ணீரைத் தொடும்போது, ஒரு நொடி மட்டும் மழை பெய்து ஓய்ந்ததுபோல ஒரு சத்தம். கை விடக் கொஞ்சம் பிந்தினாலோ, அந்த வட்டம் வாழையிலைபோல ஒடுங்கிவிடும்.

மணலில் வட்டம் விழத் தொடங்கியதும் தண்ணீரில் இறங்குவான். பழகியதெல்லாம் குழம்பும். நனைந்த வலை கனக்கும், கால் சேற்றில் புதையும், சோளகம் முகத்தில் அடிக்கும். திரளிக் கூட்டம் ஒருமுறை கிட்ட வரும், ஒருமுறை எட்டப் போகும். ஒரு வீச்சைப்போல மறு வீச்சு அமையாது. பழகியதும் போய்விட்டதே என்று பெடியன் சோர்ந்துவிடுவான். பாவம், அவன் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும் நேரமே அதுதான்.

1978இல் கேர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிறு பைகளை இலக்கு நோக்கி எறியப் பழக்கினார்கள். ஒரு பகுதியினர் மூன்றடித் தூரத்துக்கு மட்டுமே எறிந்தார்கள். மற்றவர்கள் இரண்டடிக்கும் நான்கடிக்கும் மாற்றி மாற்றி எறிந்தார்கள். மூன்றடிக்கு ஒருமுறையும் எறியவில்லை. கடைசியில் எல்லாருக்கும் மூன்றடியில் சோதனை வைத்தபோது, மூன்றடிக்கே பழகாத பிள்ளைகள் முந்திவிட்டார்கள்!

காரணத்தை ஷ்மிட் என்பவர் 1975இலேயே ஊகித்திருந்தார். மூளை ஒவ்வொரு எறிதலையும் தனித்தனியே சேமிப்பதில்லை. தூரத்துக்கும் விசைக்கும் உள்ள உறவைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே தூரத்தில் எறிந்தவனுக்கு அந்த உறவு பிடிபட வழியில்லை. ஒன்றையும் சொல்லவேண்டும்: இத்தகைய கலப்புப் பயிற்சியின் பலன் ஆய்வுகூடத்தில் தெரிந்த அளவுக்கு விளையாட்டுத் திடலில் தெரிவதில்லை. அடிப்படையே தெரியாதவனுக்கு முதலில் ஒரே மாதிரிப் பயிற்சிதான் வேண்டும். காய்ந்த மணலின் வேலை அது. அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

பெரியவர் சொன்ன சொல்லுக்கும் சான்று உண்டு. 1998இல் வுல்ஃப் குழுவினர், பனிச்சறுக்கைப் போன்ற அசைவைத் தரும் கருவி ஒன்றில் சிலரைப் பழக்கினார்கள். தம் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரித்தானியத் தபால் ஊழியர்களின் கதை. அவர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நாலு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மணிநேரத்தில் அதே திறமையை எட்டினார்கள். பாட்லியும் லோங்மனும் 1978இல் இதை வெளியிட்டார்கள். ஆனால் மனக்குறையோடு இருந்தவர்களும் அந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான். முன்னேற்றம் மெதுவாகத் தெரிந்தது அவர்களுக்கு. நன்றாகக் கற்கிறோமா என்பதற்கு நம் மனத்திருப்தி நம்பத்தக்க சாட்சி அல்ல.

படிப்பிலும் இதே கதை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் செய்த ஆய்வில், பாடத்தைத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப்பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: 42க்கு 56.

சாதாரண தரச் சோதனைக்குப் படிக்கும் தம்பி தங்கையரே, இன்று இரவு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கவேண்டாம். கொப்பியை மூடிவைத்து, ஒரு வெற்றுத் தாளில் நினைவிலிருப்பதை எழுதுங்கள். பாதிதான் வரும். மறந்த பாதியை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.